நோவாவின் பேழை கிடைத்துவிட்டது என்ற செய்தியை நம்பாத கிறிஸ்தவர் விசுவாசம் குறைந்தவரா?

கேள்வியோடு நீங்கள் சேர்த்து எழுதியிருப்பது இது: துருக்கியில் கப்பல் வடிவத்தில் இருக்கும் ஒரு மேட்டின் வீடியோ, "நோவாவின் பேழை கிடைத்துவிட்டது, விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்" என்ற வரியோடு உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "கொஞ்சம் விசாரிச்சுப் பார்க்கலாமே" என்று நீங்கள் போட்டீர்கள். "உனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு தம்பி" என்று பெரியப்பா பதில் போட்டுவிட்டார்.

குறையவில்லை. தயக்கமில்லாமல் சொல்கிறேன். அந்தப் படத்தை நம்பியவன், நம்பியதோடு நிற்காமல் பிள்ளைகளுக்கும் காட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் எனக்கு வந்தது பேழைப் பாடம். லேப்டாப்பில் அதே மேட்டின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "வேதம் உண்மை என்பதற்கு இதுதான் ஆதாரம்" என்றேன். மூன்று நாள் கழித்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக வந்து நின்றான். "அண்ணே, அது வெறும் மண்மேடுன்னு போட்டிருக்காங்க. அப்போ நோவாவும் பொய்யா?"

அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. வேதத்தையும் அந்த மேட்டையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்தது நான். மேடு சரிந்தபோது வேதத்தையும் சேர்த்து இழந்துவிடுவோமோ என்று அந்தப் பிள்ளை பயந்துபோயிருந்தான். அன்று இரவு முதல் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

அந்த மேடு துருக்கியின் கிழக்கு எல்லையில், தோகுபயாசித் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1959இல் நிலப்பட வேலைக்காக விமானத்திலிருந்து எடுத்த படங்களில் அதைக் கவனித்தவர் துருக்கி ராணுவ கேப்டன் இல்ஹான் துருப்பினார். இன்றும் அவர் பெயரில்தான் அந்த இடம் அழைக்கப்படுகிறது. அடுத்த வருடமே ஒரு குழு போய்த் தோண்டிப் பார்த்தது. மண்ணும் கல்லும்தான் கிடைத்தன. விஷயம் அதோடு ஓய்ந்திருக்கும். ஆனால் 1977 முதல் ரான் வயட் என்ற அமெரிக்கர் அங்கே போய்வரத் தொடங்கினார். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர் அவர். அகழாய்வில் பயிற்சி இல்லாதவர். ஆணிகள், கல்லாகிப்போன மரம், நங்கூரக் கற்கள் என்று அவர் வரிசையாக அறிவித்தார். 1987இல் துருக்கி அரசு பார்வையாளர் மையமே திறந்தது.

நீளம் பொருந்துகிறது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. ஆதியாகமத்தில் பேழையின் நீளம் 300 முழம். எகிப்திய அரச முழம் ஏறக்குறைய 52 சென்டிமீட்டர். பெருக்கினால் 157 மீட்டர் வரும். மேட்டின் நீளமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதே கணக்கில் 50 முழ அகலம் 26 மீட்டர்தான் வருகிறது. மேடு அதைவிட மிகவும் அகலமானது. நீளத்தைப் பிள்ளைகளிடம் சொன்ன நான் அகலத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தாலும் ஏதாவது சமாதானம் கண்டுபிடித்திருப்பேன். அப்போது எனக்கு அது பேழையாக இருந்தே ஆகவேண்டியிருந்தது.

கப்பல் வடிவம் எப்படி வந்தது? ஆற்றின் நடுவே ஒரு பாறை கிடந்தால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து சுற்றிப்போய் மறுபடி கூடும் அல்லவா? மலைச்சரிவில் சேறும் மண்ணும் மெல்ல வழிந்து இறங்கும்போது நடுவில் நிற்கும் பாறையைச் சுற்றி அதேபோலத்தான் போகும். மேலே விமானத்திலிருந்து பார்த்தால் ஓடம் மாதிரி தெரியும். இதைச் சொன்னவர்கள் நாத்திகர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆதியாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பும், உலகளாவிய ஜலப்பிரளயம் நடந்தது என்று பிரசங்கிக்கும் படைப்புவாத நிலவியலாளர்களே 1992இல் இந்த மேட்டை விரிவாக ஆராய்ந்து, இது பேழை அல்ல என்று தங்கள் பத்திரிகையில் எழுதினார்கள். பேழை கிடைக்க வேண்டும் என்று அவர்களைவிட ஆசைப்பட்டவர்கள் யார்?

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது டேவிட் ஃபாசோல்ட் என்பவரின் கதை. மூழ்கிய கப்பல்களை மீட்கும் தொழில் தெரிந்தவர். ஒரு காலத்தில் வயட்டோடு சேர்ந்து போனவர், இது கப்பல்தான் என்று வாதாடிப் புத்தகமே எழுதியவர். 1996இல் லாரன்ஸ் காலின்ஸ் என்ற நிலவியலாளரோடு சேர்ந்து, இது இயற்கையான பாறை அமைப்புதான் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினார். தன் புத்தகத்துக்கு எதிராகத் தன் பெயரையே போட்டார். அப்படிச் செய்ய எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வயட்டின் கதை பேழையோடு நிற்கவில்லை. 1982இல் எருசலேமில், இயேசுவை அடக்கம்பண்ணிய இடம் என்று சிலர் கருதும் தோட்டக் கல்லறை இருக்கும் பகுதிக்குக் கீழே ஒரு குகையில், பத்துக் கட்டளைக் கற்பலகைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியையே பார்த்ததாகச் சொன்னார். சிலுவையில் சிந்திய இரத்தம் பாறைப் பிளவு வழியே இறங்கி, அந்தப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின்மேல் விழுந்திருந்தது, அதைச் சோதித்தபோது மனிதருக்கு வழக்கமாக இருக்கும் 46க்குப் பதில் 24 குரோமோசோம்கள் மட்டுமே இருந்தன என்றார். எந்த ஆய்வகத்தின் அறிக்கையும் வெளிவரவில்லை. பெட்டியை வேறு யாரும் பார்க்கவில்லை. தோட்டக் கல்லறையைப் பராமரிக்கும் கிறிஸ்தவச் சங்கமே அதை மறுத்தது. 1999இல் வயட் இறந்தார். அந்த இரத்தச் செய்தி மட்டும் இன்றும் தமிழில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெபக்கூட்டங்களில் சாட்சியாகவே சொல்லப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது வெறும் தவறான தகவலாகப் படவில்லை. நாம் திருவிருந்தில் பயபக்தியோடு நினைவுகூரும் இரத்தத்தை, காட்டமுடியாத ஒரு சோதனை முடிவாக ஆக்கியது என் மனதைப் புண்படுத்துகிறது.

இன்னொரு சம்பவமும் இருக்கிறது. 1993இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி பேழை பற்றி ஒரு சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பியது. ஜார்ஜ் ஜமால் என்பவர் அரராத் மலையில் பேழைக்குள் போனதாகச் சொல்லி ஒரு மரத்துண்டைக் காட்டினார். அது கலிஃபோர்னியாவில் ரயில் தண்டவாளத்தருகே எடுத்த மரம். சாறுகளில் ஊறவைத்து வீட்டு அடுப்பில் சுட்டுப் பழசாக்கியிருந்தார். அவர் துருக்கிக்கே போனதில்லை. நம்ப ஆசைப்படுகிறவர்களை ஏமாற்ற அவ்வளவுதான் தேவைப்பட்டது.

தேடினவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஜேம்ஸ் இர்வின் 1971இல் அப்போலோ 15இல் போய் நிலவில் நடந்தவர். பிறகு ஊழியத்துக்கு வந்து, 1980களில் பலமுறை அரராத் மலைக்குப் பயணம் போனார். 1982இல் விழுந்து பலத்த காயமும் பட்டார். கடைசிவரை பேழையைக் காணவில்லை. காணவில்லை என்றே சொன்னார். அவர் விசுவாசம் அதனால் குறையவும் இல்லை. பெரியப்பாவிடம் வயட்டைப் பற்றிப் பேசுவதைவிட இவரைப் பற்றிப் பேசுங்கள். வேதத்திலும் "அரராத் என்னும் மலைகள்" என்று பன்மையில்தான் இருக்கிறது. இன்று அரராத் என்று அழைக்கப்படும் 5,137 மீட்டர் சிகரம்தான் அது என்று ஆதியாகமம் எங்கும் சொல்லவில்லை.

உண்மையையும் போலியையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்பீர்கள். நான் முதலில் பார்ப்பது, பொருள் எங்கிருந்து எடுக்கப்பட்டது, எடுத்தபோது யார் கூட இருந்தார்கள் என்பதைத்தான். எங்கள் பக்கத்து ஆதிச்சநல்லூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குழியில், மண்ணடுக்கைக் குறித்துவைத்து எடுத்த தாழிக்கு ஒரு மதிப்பு. ராத்திரியில் ஒருவர் தனியாகத் தோண்டி எடுத்தேன் என்று கொண்டுவரும் பானைக்கு அந்த மதிப்பு கிடையாது. பானை பழசாகவே இருக்கலாம். ஆனால் அது எந்தக் கதையைச் சொல்லும் என்பது தோண்டியவர் வாயில்தான் இருக்கிறது.

2002இல் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த எலும்புப் பெட்டிக்கு, அதாவது இறந்தவரின் எலும்புகளைச் சேர்த்துவைக்கும் கல்பெட்டிக்கு, இதுதான் நடந்தது. "யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று அரமேயத்தில் எழுதியிருந்தது. அகழாய்வில் வந்ததல்ல, பழம்பொருள் சந்தை வழியே வந்தது. எழுத்து போலி என்று இஸ்ரேல் தொல்பொருள் துறை சொல்லி, வழக்கு ஏழு வருடம் போல நடந்து, 2012இல் உரிமையாளர் போலி செய்த குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். எழுத்து உண்மையானது என்று இதற்கு அர்த்தமில்லை என்று நீதிபதியே சொன்னார். இன்றும் அது தீரவில்லை. தீராத ஒன்றைத் தீராததாகவே விட்டுவைக்க நாம் பழகவேண்டும்.

வாஷிங்டனில் 2017இல் திறந்த வேதாகம அருங்காட்சியகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று பெரும் செலவில் உருவாக்கியது. சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய வேதச் சுருள்களின், அதாவது சவக்கடல் சுருள்களின், பகுதிகள் என்று வாங்கிய 16 துண்டுகள் அங்கே இருந்தன. சந்தேகம் வந்தபோது அருங்காட்சியகமே வெளி நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தது. பழைய தோலில் புதிதாக எழுதியிருந்தார்கள். தோலின் வெடிப்புகளுக்குள்ளேயே மை வழிந்திருந்தது. வெடித்தபிறகு எழுதினால்தானே அப்படி ஆகும்? 16ம் போலி என்று 2020 மார்ச்சில் அவர்களே உலகத்துக்கு அறிவித்தார்கள். எங்கள் குழுவில் யாரும் அந்தச் செய்தியைப் பகிரவில்லை. எனக்கோ அது ஒரு நல்ல சாட்சியாகத் தெரிந்தது.

வேதத்திலேயே இதற்கு ஒரு இடம் இருக்கிறது. மோசே செய்த வெண்கல சர்ப்பம் போலி அல்ல. அசலானது, தேவன் சொல்லிச் செய்தது, பல நூறு வருடம் பத்திரமாக இருந்தது. ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். அதற்காக வேதம் அவனைக் குறை சொல்லவில்லை, மெச்சுகிறது. மோசேயின் கல்லறை எங்கே என்று ஒருவரும் அறியார் என்கிறது உபாகமம். உடன்படிக்கைப் பெட்டியை இனி நினைக்கவும் தேடவும் மாட்டார்கள் என்று ஒரு நாளைப் பற்றி எரேமியா மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். விசாரிப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களுக்கு இந்த மூன்று இடங்களையும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் பையனுக்கு என்ன சொன்னேன்? அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லார் முன்னாலும், "நான் விசாரிக்காமல் காட்டினேன், அது தப்பு" என்றேன். பிறகு எருசலேமில் 1979இல் கேப்ரியல் பர்காய் நடத்திய அகழாய்வைப் பற்றிச் சொன்னேன். கெதேஃப் இன்னோம் என்ற இடத்தில் பாறையில் குடைந்த கல்லறைகள். கூட வந்த சிறுவர்களில் ஒருவன் சுத்தியலால் தரையைத் தட்டித் தட்டி உடைத்ததில்தான், திருடர் கை படாத அறை தெரியவந்தது என்று பர்காய் சொல்லியிருக்கிறார். அங்கே இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. நொறுங்காமல் பிரிக்கவே மூன்று வருடம் ஆயிற்று. பெரியது 97 மில்லிமீட்டர் நீளம். அதில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தின் ஆசீர்வாதச் சொற்கள் கீறியிருந்தன. ஏறக்குறைய கி.மு. 600ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. சவக்கடல் சுருள்களைவிடப் பல நூற்றாண்டு பழையவை.

கரும்பலகையில் அந்த 97 மில்லிமீட்டரை அளந்து கோடு போட்டேன். நம் விரல் நீளம்தான். "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று நான் தொடங்க, மீதியைப் பிள்ளைகள் சொல்லி முடித்தார்கள். வாரா வாரம் ஆராதனை முடிவில் கேட்கும் வசனம் அல்லவா. அந்தப் பையன் ஸ்கேலை எடுத்து நோட்டில் அதே அளவுக்குக் கோடு போட்டுக்கொண்டான்.

பெரியப்பாவோடு குழுவில் வாதாடாதீர்கள். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் பெரியவர்களால் இறங்கிவர முடியாது. வீட்டுக்குப் போகும்போது அந்த வெள்ளிச் சுருளின் படத்தைக் காட்டுங்கள். இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, படம் எளிதாகக் கிடைக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடாமல், அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும்படி அவரிடமே கேளுங்கள்.