ஒரே இரவில் மறதிநோய் வராது, தங்கச்சி

இடுப்பெலும்பு சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் இரவு 78 வயது ஐயா குழம்பினார், நீங்கள் மறதிநோய் என்று எழுதி டியூட்டரிடம் ஏச்சு வாங்கினீர்கள், அவ்வளவுதானே? மறதிநோய் மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் வருவது. திடீரென்று வந்து, காலையில் தெளிந்து, இருட்டினதும் கூடினால் டெலிரியம் (உடம்பில் ஏதோ கோளாறால் திடீரென்று வரும் மனக்குழப்பம்) என்று சந்தேகியுங்கள். கவனத்தைச் சோதிக்க, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். டெலிரியம் என்றால், மார்கழி, கார்த்திகை என்று தொடங்கி நடுவில் கவனம் அறுந்துவிடும். தமிழிலேயே கேளுங்கள். கொழும்பு வார்டொன்றில் சிங்களம் விளங்காமல் விழித்த அம்மாவையும் ‘குழப்பம்’ என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன்!

சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருப்பவருக்கும் டெலிரியம் இருக்கலாம். அப்புறம், காரணம் தேடுங்கள்: அடிவயிற்றில் சிறுநீர் கட்டி நிற்கிறதா, வலி, மலச்சிக்கல், ஒட்சிசன் அளவு, தொற்று, புது மருந்து. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் குழப்பம் கூடும்; மூக்குக்கண்ணாடி லாச்சிக்குள் கிடந்தால் எடுத்து அவருக்கு மாட்டிவிடுங்கள்.