பழைய பிக்கப், இரண்டு டேங்க்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 70, 80களின் ஃபோர்டு, செவர்லே பிக்கப்களின் இரட்டை பெட்ரோல் டேங்க் பற்றியவை. எதைத் தொடுவதற்கு முன்னாலும் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். அது தீப்பிடிக்க கராஜ் மூலையில் எரியும் கேஸ் வாட்டர் ஹீட்டர் போதும்.

1978 செவர்லே சி10, 350 இன்ஜின், கார்புரேட்டர். இரண்டு டேங்கையும் ஒரு டி-ஜாயின்டில் சேர்த்துவிட்டால், எந்த டேங்க் என்று மாற்றும் செலக்டர் வால்வே தேவையில்லையே?

தேவை. ஒரு டேங்க் காலியானதும் பம்ப் அந்தப் பக்கத்துக் காற்றைத்தான் இழுக்கும். மற்றதில் 15 கேலன் இருந்தும் வண்டி நடுரோட்டில் நிற்கும். சரிவில் நிறுத்தினால் மேல் டேங்க் கீழ் டேங்கில் வடியும்.

1979 செவர்லே. ஃப்யூவல் இன்ஜெக்ஷன் கிட் போட்டேன். 3 துளை வால்வில் இரண்டு டேங்கையும் இணைத்து, ரிட்டர்னை (இன்ஜின் எரிக்காத பெட்ரோல் திரும்பும் லைனை) வலது டேங்குக்குக் கொடுத்திருக்கிறேன். இடது டேங்கில் ஓட்டும்போது வலது மூடியில் பெட்ரோல் கசிகிறது. மூடியை மாற்ற வேண்டுமா?

மூடியில் ஒரு குறையும் இல்லை. வண்டியை இன்றே நிறுத்துங்கள்.

ரிட்டர்ன் லைனை உபரிக் குழாய் மாதிரி நினைப்பவர்களிடமிருந்து மாதா மாதம் எனக்குக் கடிதம் வருகிறது. கணக்கைப் பாருங்கள். உங்கள் கிட்டின் பம்ப் மணிக்கு ஏறக்குறைய 50 கேலன் தள்ளும். நெடுஞ்சாலையில் இன்ஜின் எரிப்பது 5 கேலன். மீதி 45 கேலன் எங்கே போகிறது? நீங்கள் சொன்ன அந்த வலது டேங்குக்கு. 20 கேலன் டேங்கில் இருக்கும் பெட்ரோல் அரை மணிக்குள் இடம் மாறிவிடும். வலது டேங்க் ஏற்கெனவே நிறைந்திருந்தால் மூடி, வென்ட் லைன் என்று எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியேறும். பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட். இடது டேங்க் சீக்கிரம் காலியாவதைப் பார்த்து மைலேஜ் குறைந்ததாக நினைத்துக் கொள்வீர்கள்.

எடுத்த டேங்குக்கே திரும்ப வேண்டும். வேறு வழி கிடையாது. அதற்குத்தான் 6 துளை மோட்டார் வால்வு இருக்கிறது: சப்ளை, ரிட்டர்ன் இரண்டும் ஒரே நேரத்தில் மாறும். வாங்கியதும் வண்டியில் மாட்டாதீர்கள். மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுங்கள், ஒவ்வொரு துளையிலும் ஊதிப் பாருங்கள், எது எதோடு சேர்கிறது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒயரைத் தலைகீழாக்கி அடுத்த நிலைக்கும் அதையே செய்யுங்கள். யாரோ வரைந்த படத்தை நம்பி ஹோஸ் செருகியவர்கள்தான் சப்ளையை இடதிலும் ரிட்டர்னை வலதிலும் மாட்டிவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். இன்னொன்று: வெளிப் பம்ப் என்றால் அது வால்வுக்கும் இன்ஜினுக்கும் நடுவில், டேங்க் அருகே, தாழ்வாக இருக்கட்டும். குறைந்த அழுத்த வால்வை, பம்புக்குப் பிறகு 50 பிஎஸ்ஐ அழுத்தம் வரும் பக்கத்தில் வைக்காதீர்கள்.

1992 எஃப்-150. முன் டேங்கில் ஓட்டினால் பின் டேங்க் நிரம்புகிறது. வால்வு எங்கே இருக்கிறது?

தனி வால்வு இல்லை. 1990 முதல் ஃபோர்டு ஒவ்வொரு டேங்கிலும் ஒரு பம்ப் வைத்தது, ரிட்டர்னை மாற்றும் வால்வு அந்தப் பம்ப் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறது. நிரம்புகிற பின் டேங்கின் தொகுப்பை முதலில் சந்தேகியுங்கள்.

டேங்கில் புது சென்டர் (பெட்ரோல் அளவை கேஜுக்குத் தெரிவிக்கும் மிதவைக் கருவி) போட்ட பிறகு கேஜ் தலைகீழாகக் காட்டுகிறது. ஏன்?

வண்டி எது, வருடம் எது என்று எழுதாமல் கேட்டால் எப்படி? ஃபோர்டில் 1986 வரை காலி டேங்குக்கு 70 ஓம், நிறைந்ததற்கு 10. அடுத்த தலைமுறையில் காலிக்கு 16, நிறைந்ததற்கு 160. செவர்லேயில் காலிக்கு 0, நிறைந்ததற்கு 90. பழைய ஃபோர்டு கேஜுக்கு மற்ற இரண்டில் எதைப் போட்டாலும் காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டும். கேஜுக்குப் பொருந்தும் சென்டரை வாங்குங்கள், இரண்டு டேங்குக்கும் ஒரே வகையாக.

எந்த ஹோஸ் வாங்குவது?

கார்புரேட்டருக்கு ஜே30ஆர்7 என்ற தரக் குறியீடு உள்ளது. இன்ஜெக்ஷனுக்கு ஆர்9, அதற்கான கிளாம்போடு. டேங்குக்குள் முழுகி இருப்பதற்கு ஆர்10 மட்டும். ஹோஸின் மேலேயே அச்சடித்திருக்கும், படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஏசி வேலையில் மிஞ்சிய செம்புக் குழாய் இருக்கிறது. லைனுக்குப் போடலாமா?

கூடாது. அதிர்வில் செம்பு இறுகி விரிசல் விடும். ஸ்டீல் அல்லது நிக்கல்-செம்புக் கலவைக் குழாய் போடுங்கள். சப்ளை 3/8 அங்குலம், ரிட்டர்ன் 5/16. முக்கால் கஜத்துக்குள் ஒரு ரப்பர் கிளிப், எக்ஸாஸ்டிலிருந்து நல்ல இடைவெளி.

பின் டேங்கை ஐந்து வருடமாகத் தொடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் ஓடுமா?

ஓடலாம், வால்வும் கார்புரேட்டரும் துருவால் அடைபடும் வரை. முதலில் டேங்கை இறக்கிக் காலி செய்து உள்ளே பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் அரித்திருக்கும். ஒவ்வொரு டேங்குக்கும் வால்வுக்கும் இடையில் ஒரு ஃபில்டர் வையுங்கள், முதல் சில வாரங்களில் அடிக்கடி மாற்றுங்கள். அப்புறம் இரண்டு டேங்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

வண்டி முக்கும் வரை ஒரு டேங்கில் ஓட்டிவிட்டு, ஓட்டத்திலேயே மாற்றலாமா?

இன்ஜினில் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால் மாற்றலாம். பம்ப் டேங்குக்குள் இருந்தால் கால் டேங்க் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அந்தப் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான்.