டாரஸுக்குப் பெரிய டயர் மாட்டினால் லோடு கூடுமா?

கேள்வி: பத்துச் சக்கர டாரஸ் டிப்பர் ஒன்று வைத்திருக்கிறேன், நானே ஓட்டுகிறேன். குவாரியிலிருந்து ஜல்லி, எம்-சாண்ட் அடிக்கிறேன். வண்டியோடு வந்தது 10.00-20 டயர் (அகலம் 10 அங்குலம், ரிம் விட்டம் 20 அங்குலம்). அடுத்த செட்டுக்கு 11.00-20 போட்டால் லோடு தாங்கும், டயர் ஆயுசும் கூடும் என்கிறார் கடைக்காரர். கூட ஓட்டும் இரண்டு பேர் மாற்றியும் விட்டார்கள். நானும் மாற்றலாமா?
— ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: மாற்ற வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் போகப்போவது பெரிய பணம்.

11.00-20 டயரைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அது கூடுதல் எடை தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது டயரைப் பொறுத்தது அல்ல. ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, பிரேக், சேசிஸ் எல்லாவற்றையும் வைத்துக் கம்பெனி ஒரு எடை சொல்கிறது, அரசு ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. 2018 ஜூலையில் பின்பக்க இரட்டை ஆக்சிலுக்கான வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன் ஆனது. உங்கள் ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள மொத்த எடைதான் உங்கள் எடை. டயரை மாற்றினால் அதில் ஒரு கிலோகூட ஏறாது. லாரி மாதிரியான வண்டிகளின் ஆர்சியில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் டயர் எண்ணிக்கையும் அளவும்கூடப் பதிவாகும். அந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. நாளை ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து நின்றால், அவர் கேள்வி கேட்க நீங்களே இடம் கொடுத்ததாகிவிடும்.

அடுத்தது இடைவெளி. 10.00-20 டயருக்கு உரியது 7.5 அங்குல அகல ரிம், 11.00-20-க்கு 8 அங்குலம். பழைய டிஸ்க்கிலேயே, அதாவது பழைய ரிம்மிலேயே, பெரிய டயரை ஏற்றினால் உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவில் உள்ள சந்து குறையும். லோடு ஏறியதும் டயரின் அடிப்பக்கம் உப்பி இரண்டு சுவரும் உரசும், உரசினால் சூடு, சூடு ஏறினால் வெடிப்பு. குவாரிப் பாதையில் ஒரு ஜல்லிக்கல் நடுவில் மாட்டிக்கொண்டால் இரண்டு டயரையும் சேர்த்து அறுத்துவிடும்.

விட்டத்திலும் வித்தியாசம் உண்டு. ரேடியலில் (உள்ளே கம்பி இழை உள்ள டயரில்) 10.00-20 சுமார் 1055 மில்லிமீட்டர், 11.00-20 சுமார் 1085. வெறும் மூன்று சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்குப் பக்கத்தில் ஓடும். மேட்டில் இழுவை அந்த அளவு குறையும், பிரேக் பிடிமானமும் அதே அளவு குறையும். கிலோமீட்டர் கணக்கும் குறைவாகவே காட்டும் என்பதால், டீசல் மைலேஜ் விழுந்துவிட்டதென்று வீணாக பம்ப்பைக் கழற்ற வைப்பார்கள். இதோடு ஸ்டெப்னி சேர்த்துப் பதினொரு டயரும் மாற வேண்டும். பாதிக்குப் பாதி கலந்து ஓட்டவே கூடாது.

உங்களுடைய உண்மையான தொல்லை கல் வெட்டும் தேய்மானமும்தான் என்று நினைக்கிறேன். அதற்கு அதே 10.00-20 அளவில், குவாரி ஓட்டத்துக்கென்று வரும் ஆழமான லக் பட்டன் (குறுக்குக் கட்டைகள் போட்ட மேல்பரப்பு) டயரைக் கேளுங்கள். பிளை என்பது டயரின் பலத்தைக் காட்டும் எண்; 16 பிளைக்குப் பதில் 18 பிளை கிடைத்தால் இன்னும் நல்லது. சுவரில் 146/143 என்பது போல இரண்டு எண் இருக்கும். 146 என்றால் ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 3,000 கிலோ தாங்கும், 143 என்றால் ஜோடியாக ஓடும்போது 2,725 கிலோ. கடைக்காரரின் பேச்சைவிட அந்த எண்ணை நம்புங்கள்.

கேள்வி: எங்கள் டிப்பருக்குக் கம்பெனியிலிருந்தே 11.00-20 ரேடியல்தான் வந்தது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை டயரை மாற்றி மாற்றிப் போட வேண்டும்? கம்பெனி சர்வீஸில் ஒன்று சொல்கிறார்கள், பஞ்சர் கடை அண்ணன் வேறொன்று சொல்கிறார்.
— ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: இரண்டு பேரும் தவறாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், தம்பி. ஹைவேயில் ஓடும் வண்டியும் குவாரியில் ஓடும் வண்டியும் ஒரே கிலோமீட்டரில் ஒரே மாதிரி தேயாது. அதனால் கம்பெனி புத்தகத்தில் உள்ள கிலோமீட்டரை நினைவூட்டலாக வைத்துக்கொண்டு, முடிவைப் பட்டன் ஆழம் (டயர் மேல்பரப்பில் உள்ள பள்ளத்தின் ஆழம்) பார்த்து எடுங்கள். ஆழம் பார்க்கும் கேஜ் ஒன்றும் ஏர் கேஜ் ஒன்றும் சொந்தமாக வாங்கி கேபினில் வையுங்கள். இந்த இரண்டுக்கும் ஆகும் செலவு ஒரு டயர் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மாதம் ஒரு முறை பத்து டயரையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு ஜோடிக்குள் பட்டன் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த ஜோடியைப் பிரித்துவிட வேண்டும். ஏன் என்று பாருங்கள்: ஆழத்தில் 3 என்றால் விட்டத்தில் 6 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே டிஸ்க் போல்ட்டில் பூட்டியிருப்பதால் தனித்தனியாகச் சுற்ற முடியாது. அப்போது சின்ன டயர் கிலோமீட்டருக்கு ஐந்து மீட்டருக்கு மேல் இழுபட்டே போகும், பெரிய டயர் கூடுதல் பாரம் சுமக்கும். சின்ன வித்தியாசம் தவிர்க்க முடியாமல் இருந்தால் சிறியதை உள்ளேயும் பெரியதை வெளியேயும் போடுங்கள். சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிவதால் உள் டயருக்குத்தான் பாரம் அதிகம்.

உங்கள் டிப்பரில் பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கும் ஆக்சிலாக இருந்தால் எட்டு டயரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு ஆக்சிலில் புதுசு, இன்னொன்றில் தேய்ந்தது என்று போட்டால் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். டயர் மிச்சம் பிடிக்கப் போய் ஹவுசிங் வேலை வந்து நிற்கும்.

முன் டயர் கோடு பட்டன் (நீளவாக்கில் கோடு போட்டது), பின்னால் லக் பட்டன் என்றால் முன்னையும் பின்னையும் மாற்றிப் போட வழியில்லை. முன்னால் இடது வலது மாற்றுங்கள், பின்னால் உள் வெளி மாற்றுங்கள், இரண்டு ஆக்சிலுக்கும் இடையில் ஜோடியாகவே மாற்றுங்கள். பத்தும் ஒரே பட்டன் என்றால் புது ஜோடியை முன்னால் போட்டு, முன்னால் பாதி தேய்ந்ததைப் பின்னால் தள்ளலாம். ரீட்ரேடிங் செய்த (பழைய டயரில் புது ரப்பர் பட்டன் ஒட்டிய) டயரை முன்னால் போடாதீர்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. சுவரில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் அதையும் பார்த்தே மாட்ட வேண்டும். ரேடியலையும் நைலான் இழை டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது.

முன் டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் இடம் மாற்றி ஓட்டுவது வைத்தியம் ஆகாது. அலைன்மெண்ட், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), வீல் பேரிங் மூன்றையும் பார்க்காமல் இடத்தை மட்டும் மாற்றினால், வேறொரு நல்ல டயரையும் அதே இடத்தில் தேய்க்கக் கொடுக்கிறீர்கள்.

காற்று விஷயத்தில்தான் எனக்கு ஆற்றாமை. உள் டயரின் வால்வுக்குக் கை எட்டாது என்பதால் கிளீனர் லிவரால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தம் கேட்டு விட்டுவிடுகிறார். 110 பிஎஸ்ஐக்கும் 80-க்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. 80-ல் ஓடும் உள் டயரின் பாரத்தைப் பக்கத்து டயர்தான் சுமக்கிறது, அந்த நல்ல டயரும் வெடிக்கலாம். நீள வால்வு மாட்டி, காலையில் வண்டி எடுக்கும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மதியம் ஓட்டத்தில் காற்று ஏறியிருப்பதாகத் தெரிந்தால் இறக்கிவிடாதீர்கள், அது சூட்டினால் ஏறியது.

கழற்றி மாட்டும்போது இரண்டு விஷயம். லாக் ரிங் (டயரைப் பிடித்து நிறுத்தும் இரும்பு வளையம்) உள்ள டிஸ்க் என்றால் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுக்க இறக்கிய பிறகே ரிங்கில் கை வைக்க வேண்டும், காற்று பிடிக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்தே பிடிக்க வேண்டும். பறந்து வரும் ரிங் ஆளையே கொன்றுவிடும். கூண்டு இல்லாத கடைக்குப் போகாதீர்கள். இரண்டாவது, வீல் நட்டை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முடுக்குங்கள்.

சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம். ஆனால் ரீட்ரேடிங் எண்ணம் இருந்தால் 3 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுங்கள். மொட்டை டயராகக் கொண்டுபோனால் கல் குத்தி நூல் தெரியும், எந்தக் கடையும் எடுக்காது.

கேள்வி: நைட்ரஜன் காற்று பிடித்தால் டயர் அதிகம் ஓடுமா?
— ஒரு வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு வாரம் ஒரு முறை கேஜ் வைத்துப் பாருங்கள், அதற்குப் பலன் உண்டு.

கேள்வி: மூன்று மாதம்கூட ஓடாத டயர் பக்கச் சுவரில் வெடித்துவிட்டது. ‘காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்’ என்று வாயால் சொல்லி வாரண்டி மறுத்துவிட்டார்கள். சொந்த வண்டி, ஓட்டுவதும் நான்தான். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: போகலாம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே தொழில் செய்ய வாங்கியவருக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. லாரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. பத்து வண்டியும் டிரைவர்களும் வைத்திருப்பவருக்கு இது பொருந்துவது கடினம்.

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், எதைப் பரிசோதித்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதோடு. வெடித்த டயரைப் பழைய டயர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பில், டயர் நம்பர், சுவரில் வாரமும் வருடமும் காட்டும் நான்கு இலக்கம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். காற்று பார்த்த தேதிகளை நோட்டில் எழுதியிருந்தால் அதுவும் உதவும்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டயரைச் சேலத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் நாமக்கல்லிலேயே வழக்குப் போடலாம்.