தத்துவம் படிக்கத் துடிக்கும் மகள், தூக்கம் தொலைத்த அப்பா

பிளஸ் டூவில் 600க்கு 540 வாங்கிய மகள் பி.காம். வேண்டாம், பி.ஏ. தத்துவம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றதைப் பேசலாம்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டத்தைத் தேடிக்கொண்டு கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவதில்லை. நம் பள்ளிகளில் தத்துவம் தனிப் பாடமாக இல்லாததால், பி.எட். முடித்து டீச்சராகிவிடலாம் என்ற வழக்கமான ஆறுதலும் இங்கே எடுபடாது. ஆகவே இதை ஐந்தாறு வருடப் படிப்பாகவே கணக்குப் போடுங்கள். மூன்றாம் வருட முடிவில் அவள் சம்பளம் வந்தே ஆகவேண்டிய வீடு என்றால், மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது என் ஆலோசனையும் வேறாக இருக்கும்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கிறது? போன வருடம் ஒரு அப்பா, "பொண்ணு சாமியாரா போயிடுவாளோ?" என்று என்னிடம் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் 'தத்துவம் பேசாதே' என்பதே ஒரு திட்டுதானே. ஆனால் இந்தப் படிப்பின் அடிப்படை அளவையியல், அதாவது லாஜிக். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையைப் போல.' மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லித்தரும் பாடம் இது. மலைமேல் தெரிவது புகைதானா, மூடுபனியா? புகை இருந்தால் நெருப்பு நிச்சயமா? அப்படியானால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்குமா, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் காணோமே? இப்படி ஒரு வாக்கியத்தை அரை மணி நேரம் பிரித்து மேய்வார்கள்.

குறுக்கு விசாரணையில் நல்ல வக்கீல் செய்வதும் இதைத்தான். எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்று வருட எல்.எல்.பி. சேரலாம். என்னைக் கேட்டால், தத்துவத்துக்கு அடுத்து வைக்க அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை.

ஐ.ஏ.எஸ். பற்றிக் கேட்டீர்கள். மெயின் தேர்வில் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுக்கலாம். தாளுக்கு 250 வீதம் இரண்டு தாள். 2013 முதல் அறவியலுக்கென்று தனித் தாளும் உண்டு. ஆனால் அந்த விருப்பப் பாடத்தை இன்ஜினியர்களும் எடுக்கிறார்கள். அதற்காக மட்டும் மூன்று வருடம் தத்துவம் படிக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ராதாகிருஷ்ணன் தத்துவ உயராய்வு மையம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், ஜே.என்.யூ. என்று இடங்கள் இருக்கின்றன. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023இல் உயர்த்திய கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். பேராசிரியர் பணியிடங்கள் குறைவு என்பதையும் சேர்த்தே யோசியுங்கள்.

இந்த வாரம் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். பேப்பரில் வரும் ஒரு தலையங்கத்தைக் கொடுத்து, அதை ஏற்காதவர் என்ன சொல்வார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் பேனாவை மூடிவிட்டால் அவளுக்குப் பிடித்திருப்பது 'தத்துவம்' என்கிற பெயர் மட்டும்தான். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் விஷயம் வேறு.

தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்த கல்லூரி. அங்கே விண்ணப்பிக்கும்போதே பி.ஏ. பொருளாதாரத்துக்கும் ஒன்று போட்டு வையுங்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஆபீஸ் கவுன்ட்டரோடு திரும்பிவிடாதீர்கள். மூன்றாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து, விரும்பி எடுத்தார்களா, வேறு சீட் கிடைக்காமல் வந்தார்களா என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் கேன்டீனில் ஒரு டீ குடியுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் உண்மை வராது.