உறையில் ஒரு தேதி, ஒலியில் ஒரு தேதி

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா கப்பலில் வேலை பார்த்தவர். போன வருடம் காலமானார். பெரம்பூர் வீட்டைக் காலி செய்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் நாற்பது கேசட்டுகள் இருந்தன. ஒன்றின் உறையில் ‘லெட் செப்பலின், எல்.ஏ. ஃபோரம், 9/4/70’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஃபோரம் அரங்கில் நடத்திய கச்சேரி அது. கேசட் ‘இமிக்ரன்ட் சாங்’ என்ற பாட்டுடன் தொடங்குகிறது. 1970 ஏப்ரல் 9 என்று குறிப்பிட்டு நண்பர்களுக்கு அனுப்பினேன். அதில் ஒருவர், “உங்க பெரியப்பா தப்பா எழுதியிருக்கார், அன்னைக்கு அவங்க அந்த ஊர்லயே இல்ல” என்றார். மனசு கஷ்டமாகிவிட்டது. இன்னொரு கேசட், அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுடையது, அதில் ‘டிலன், ஆல்பர்ட் ஹால், 66’ என்றிருக்கிறது. இதையாவது நம்பலாமா? தப்பான உறைகளை மாற்றி எழுதிவிடட்டுமா? ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதிக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? உறைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

ர., பெரம்பூர்

அன்புள்ள ர.,

உங்கள் பெரியப்பா தப்பாக எழுதவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ் ஓரத்தில் வேறு மையில் ‘மெட்ராஸ், 14.8.82’ என்றிருக்கிறது. அது அவருடைய சொந்தத் தேதி. நம் வழக்கப்படி நாள் முதலில், நடுவில் புள்ளி. மேலே இருக்கும் 9/4/70-இல் சாய்கோடு. இது அவர் எதைப் பார்த்துப் பிரதி எடுத்தாரோ அந்த டேப்பில் இருந்ததை அப்படியே எழுதியது. அமெரிக்காவில் மாதம்தான் முதலில் வரும். ஆக, அது செப்டம்பர் 4. அவர் எழுத்து மாறாமல் எழுதினார், நாம்தான் மாற்றிப் படித்தோம்.

இது வெறும் ஊகம் என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். அந்த ஏப்ரலிலும் லெட் செப்பலின் குழுவினர் அமெரிக்காவில்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் உறையை வைத்து மட்டும் வழக்கை முடிக்க முடியாது, ஒலியைத்தான் கேட்க வேண்டும். கேசட் ‘இமிக்ரன்ட் சாங்’குடன் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு அவர்கள் 1970 ஜூனில் ஐஸ்லாந்து போய் வந்ததில் பிறந்தது. ஜூன் 28 அன்று இங்கிலாந்தின் பாத் விழாவில்தான் மேடையேறியது. ஏப்ரலில் அந்தப் பாட்டே கிடையாது!

ஆனால் இது ஜூனுக்குப் பிறகு என்பதை மட்டும்தான் நிரூபிக்கிறது. செப்டம்பர் 4-க்கு வந்து சேர இன்னொன்று வேண்டும். அன்றைய கச்சேரியில் ‘புளூபெரி ஹில்’ என்ற பழைய பாட்டையும் பாடினார்கள். அந்தப் பாட்டின் பெயரிலேயே அந்த இரவின் பூட்லெக் ரெக்கார்டு, அதாவது அனுமதியில்லாமல் வெளியிட்ட ரெக்கார்டு, வெளிவந்து ஊரெல்லாம் சுற்றியது. அரங்கில் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் பி சைடின் கடைசியில் அந்தப் பாட்டு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டாலும் கலங்க வேண்டாம். கச்சேரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது, உங்களுடையது தொண்ணூறு நிமிடக் கேசட். பிரதி எடுப்பவர்கள் கொள்ளாததை விட்டுவிடுவார்கள், இடம் மிஞ்சினால் வேறு இரவின் பாட்டைக் கொண்டுவந்து ஒட்டியும் விடுவார்கள். அதனால் ஒரு பாட்டு கேசட்டில் இருந்தால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். இல்லாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒட்டிய இடம் இருந்தால் ஹெட்ஃபோனில் பிடிபட்டுவிடும்: இரைச்சலின் அளவு சட்டென்று மாறும், கைதட்டல் வேறு தூரத்திலிருந்து வரும்.

வேகத்தையும் பாருங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மேடை ஆம்ப்ளிஃபயரின் ஹம், அதாவது மின்சாரத்தால் எழும் ரீங்காரம், பதிவில் விழுந்திருந்தால் அது 60-இல் நிற்க வேண்டும். 62-இல் நின்றால் டேப் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். சுருதி கால் கட்டை ஏறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் இன்னொரு பதிவோடு ஒப்பிட்டால் ஒரே இரவு இரண்டு இரவாகத் தெரியும். கூடவே 50-இல் ஒரு மெல்லிய ஹம் கேட்டால், அது பிரதி எடுத்த இடத்தின் மின்சாரமாக இருக்கலாம்.

டிலன் கேசட் விஷயம் வேறு. அங்கே உறையே பொய் சொல்லியிருக்க வாய்ப்பு அதிகம். ஆல்பர்ட் ஹால் என்ற பெயரில் பல வருடம் சுற்றிய பூட்லெக் உண்மையில் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில், 1966 மே 17 அன்று பதிவானது. லண்டன் ஆல்பர்ட் ஹால் கச்சேரிகள் மே 26, 27. கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கத்துவது உங்கள் கேசட்டில் கேட்டால் அது மான்செஸ்டர்தான். 1998-இல் டிலனின் ரெக்கார்டு கம்பெனியே அதை அதிகாரபூர்வமாக வெளியிட்டபோது, ‘ஆல்பர்ட் ஹால்’ என்ற தவறான பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு அப்படியே வைத்துக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது. அந்தப் பெயரோடுதான் அந்தப் பதிவு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறது. உறைகளை மாற்றி எழுதலாமா என்ற உங்கள் கேள்விக்கும் என் பதில் அதுதான். ஒரு எழுத்தைக்கூட அழிக்காதீர்கள். சரியான தேதியைத் தனித்தாளில், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்ற விவரத்தோடு எழுதி உள்ளே வையுங்கள்.

மெனக்கெட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். என்னிடம் ஒரு மார்கழிக் கச்சேரிக் கேசட் இருக்கிறது, என் தாத்தா பதிவு செய்தது. உறையில் தேதியும் வருடமும் தெளிவாகவே போட்டிருந்தார். ஒரு நாள் இரவு கேட்டுக்கொண்டிருந்தபோது, தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன், மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி மெதுவாகச் சொல்கிறார்: “நாளைக்கு வைகுண்ட ஏகாதசி, கார்த்தாலயே கெளம்பணும்.” பழைய பஞ்சாங்கங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். உறையில் இருந்த வருடத்தில் அந்தத் தேதி ஏகாதசிக்குப் பக்கத்திலேயே இல்லை. முந்தைய வருடத்தில் சரியாக மறுநாள். அந்த முந்தைய வருடம்தான் என் பாட்டி உயிரோடு இருந்த கடைசி மார்கழி. அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உங்கள் கேசட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. செப்டம்பர் 4 என்று ஆகிவிட்டால், ‘இமிக்ரன்ட் சாங்’ இடம்பெற்ற ஆல்பம் வர இன்னும் ஒரு மாதம் பாக்கி, அது அக்டோபர் 5-இல்தான் வெளியானது. அந்த அரங்கில் பெரும்பாலோர் அந்தப் பாட்டை வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் என்று எழுதி வைத்தால் அது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

டெக்கின் பெல்ட்டை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள், ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரைச்சலை நீக்க வேண்டாம், நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது. பி சைடின் கடைசிப் பத்து நிமிடத்தை முதலில் அனுப்புங்கள். இரண்டு பேரும் சேர்ந்து கேட்போம்.