மண் சாலைப் புழுதியை அளப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கல்குவாரிக்குச் செல்லும் மண் சாலையின் ஓரத்தில் ஒரு துகள் அளவியை வைத்தால், லாரிகள் கிளப்பும் புழுதியின் அளவு தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது. ஒரு கன மீட்டர் காற்றில் எவ்வளவு துகள் மிதக்கிறது என்பதை மட்டுமே அக்கருவி காட்டும். அதே லாரி அதே வேகத்தில் சென்றாலும், பலத்த காற்றில் புழுதி கலைந்து அளவு குறைந்து தெரியும். காற்று சாலையின் போக்கிலேயே வீசினால் புழுதி கருவியை எட்டாமலும் போகலாம். நமக்குத் தேவைப்படுவது, ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓடும்போது எத்தனை கிராம் துகள் எழுகிறது என்ற கணக்கு. அதற்கு, புழுதி அடித்துச் செல்லப்படும் பக்கத்தில் கம்பம் நட்டு, பல உயரங்களில் துகள் அளவிகளையும் காற்றுவேக அளவிகளையும் பொருத்த வேண்டும். ஒவ்வோர் உயரத்திலும் பதிவாகும் செறிவிலிருந்து, சாலையின் மறுபக்கத்தில் ஏற்கெனவே இருந்த செறிவைக் கழித்து, சாலைக்குக் குறுக்கே வீசும் காற்றின் வேகத்தால் பெருக்கி, உயரம் முழுவதற்கும் நேரம் முழுவதற்கும் கூட்டி, சென்ற வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைக்கும். புழுதி கம்பத்துக்கு மேலே எழுந்து போனால் விடை குறைந்துவிடும் என்பதால், கம்பத்தின் உயரத்தில் சிக்கனம் கூடாது.

கேள்வி: இத்தனை கருவிகள் இல்லாதவர்களுக்குச் சூத்திரம் ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஏ.பி. 42 என்ற, காற்று மாசு எவ்வளவு எழும் எனக் கணக்கிட உதவும் தொகுப்பில், தொழிற்பகுதி மண் சாலைகளுக்கான சூத்திரம் இருக்கிறது. சாலையின் மேற்பரப்பு மண்ணில் 75 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான நுண்பொடி 12 சதவீதமாகவும், வண்டிகளின் சராசரி எடை 3 அமெரிக்க டன்னாகவும் (ஒரு டன் சுமார் 907 கிலோ) இருந்தால், ஒரு வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் 420 கிராம் பி.எம். 10 துகளை, அதாவது 10 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளை, எழுப்பும். உங்கள் சாலையின் நுண்பொடிச் சதவீதத்தை 12ஆலும் சராசரி எடையை 3 டன்னாலும் வகுத்து, முதல் விகிதத்தை 0.9 அடுக்குக்கும் இரண்டாவதை 0.45 அடுக்குக்கும் உயர்த்தி, அந்த 420 கிராமுடன் பெருக்க வேண்டும்; ஆகவே சராசரி எடை பத்து மடங்கானால் புழுதி ஏறத்தாழ 2.8 மடங்காகும். லாரிக்குத் தனியாக, காருக்குத் தனியாக இதைப் போடக்கூடாது. அச்சாலையில் ஓடும் எல்லா வண்டிகளின் சராசரி எடையையே போட வேண்டும்.

கேள்வி: நுண்பொடியின் சதவீதத்தைப் பிற ஆய்வுகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் என்றே வற்புறுத்துவேன், ஏனெனில் சூத்திரத்தின் விடையை மிகுதியாக அசைப்பது அந்த எண்தான். சாலையின் குறுக்கே பல இடங்களில் உதிரி மண்ணை மட்டும் துடைப்பத்தால் கூட்டி எடுத்து, உலர்த்தி, 75 மைக்ரான் துளையுள்ள 200 எண் சல்லடையில் உலர்நிலையிலேயே சலியுங்கள். நீரால் கழுவிச் சலித்தால் கட்டிகள் கரைந்து, சக்கரத்தடியில் இல்லாத நுண்பொடியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கேள்வி: அச்சூத்திரத்தில் வேகம் இல்லையே?

பதில்: அதே தொகுப்பில் பொது மண் சாலைகளுக்கான மற்றொரு சூத்திரத்தில் வேகம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் பிளிஸ் படைத்தளத்தில் கம்பங்கள் நட்டு நடத்திய ஆய்விலும், வேகமும் எடையும் கூடக் கூடப் புழுதி நேர்விகிதத்தில் கூடியது.

கேள்வி: நீண்ட சாலை முழுவதையும் அளக்க வழி உண்டா?

பதில்: நெவாடாவின் பாலைவன ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ட்ரேக்கர் முறையில், ஓடும் வண்டியின் முன்சக்கரங்களுக்குப் பின்னால் காற்றை உறிஞ்சி, சக்கரம் எழுப்பும் துகளை இடத்துக்கு இடம் பதிகிறார்கள். ஆனால் அது தருவது ஒப்பீட்டு அளவு. கிராமாக மாற்ற, முன்சொன்ன கம்பத்துடன் ஒருமுறையேனும் ஒத்துப்பார்த்தாக வேண்டும்.

கேள்வி: தண்ணீர் தெளித்தால் எவ்வளவு குறையும்?

பதில்: மேற்பரப்பின் ஈரம், தெளிக்காத சாலையின் ஈரத்தைப்போல இரு மடங்காக இருக்கும்வரை சுமார் 75 சதவீதம் குறையும் என்கிறது ஏ.பி. 42. வெயிலில் அந்த ஈரம் விரைந்து போய்விடும் என்பதால், தெளித்த உடனே எடுத்த ஒரே அளவை நாள் முழுவதற்கும் பொருத்தாமல், மறுமுறை தெளிக்கும்வரை இடைவிட்டு ஈரத்தை அளந்து வாருங்கள்.