கடினமான இறுதியாட்ட நிலைகளைச் செஸ் ஆடும் கணினி நிரல்களான என்ஜின்கள் எப்படி ஆராய்கின்றன? அவை காட்டும் முடிவை அப்படியே நம்பலாமா?

கேள்வியின் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குகிறேன். திரையில் தெரியும் எண், அதாவது யார் எவ்வளவு முன்னிலை என்ற மதிப்பு, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் நம்பலாம். இறுதியாட்டத்தில் என்ஜின் இரண்டு வழிகளில் பதில் சொல்கிறது. ஒன்று, பல லட்சம் நிலைகளைத் தேடி, கடைசியாக எட்டிய நிலைகளை மதிப்பிட்டுச் சொல்லும் கணிப்பு. மற்றொன்று, டேபிள்பேஸ் எனப்படும் இறுதியாட்ட அட்டவணையில் முன்பே எழுதிவைக்கப்பட்ட விடை. ஒரு நிலத்தைப் பற்றித் தரகர் சொல்வதற்கும் வில்லங்கச் சான்றிதழில் இருப்பதற்கும் எவ்வளவு வேறுபாடோ, அவ்வளவு வேறுபாடு இவற்றுக்கிடையே உண்டு. ஆனால் அனுபவமுள்ள தரகர் பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவதால் நாம் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

அட்டவணை எவ்வாறு உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்வதற்காக, வெள்ளைக்கு ராஜாவும் யானையும், கறுப்புக்கு வெறும் ராஜாவும் உள்ள மிக எளிய ஆட்டத்திற்கு நானே ஒரு நிரல் எழுதிப் பார்த்தேன். மூன்று காய்களை 64 கட்டங்களில் வைக்கும் வகைகள் 2,62,144. யாருடைய முறை என்பதையும் சேர்த்தால் அதன் இரு மடங்கு. விதிக்குப் பொருந்தாதவற்றை நீக்கியபின், கறுப்பு ஏற்கெனவே மேட் ஆகியிருக்கும் நிலைகளை மட்டும் முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். குறிக்கப்பட்ட நிலை ஒன்றுக்கு வெள்ளை ஒரே நகர்த்தலில் போக முடிந்தால் அது வெற்றி நிலை. கறுப்பின் முறையாக இருந்தாலோ, அதன் எல்லா நகர்த்தல்களும் வெள்ளையின் வெற்றி நிலைகளில் போய் முடிந்தால்தான் அது தோல்வி நிலை. புதிதாகக் குறிக்க எதுவும் இல்லாமல் போகும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தபின், குறிக்கப்படாமல் எஞ்சியவை எல்லாம் டிரா. என் முதல் நிரலில் ‘எல்லா’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏதேனும் ஒரு’ என்று எழுதிவிட்டேன். அதனால் கறுப்பு ராஜா தானாகவே ஓரத்திற்கு ஓடிவந்து மேட் வாங்கிக்கொள்ளும் விந்தையான அட்டவணை கிடைத்தது. பிழையைத் திருத்தியதும், மிக மோசமான தொடக்கத்திலிருந்தும் 16 நகர்த்தல்களுக்குள் மேட் என்ற சரியான விடை வந்தது. இந்த முறையில் மதிப்பீடு என்பதே இல்லை; யானைக்கு ஐந்து புள்ளி, ராஜா நடுவில் இருந்தால் நல்லது என்பன போன்ற எந்த அறிவும் அந்த நிரலுக்குத் தேவைப்படவில்லை.

இந்த வழி மனிதர்களை எப்படித் திகைக்க வைத்தது என்பதற்கு 1970களின் பிற்பகுதியில் நடந்த ஒரு பந்தயமே போதும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், ராணிக்கு எதிராக யானை என்னும் இறுதியாட்டத்திற்கு முழு அட்டவணையைத் தயாரித்திருந்தார். அமெரிக்கச் சாம்பியனான கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் ராணியை வைத்துக்கொண்டு, யானையை வைத்துத் தற்காத்த கணினியை எதிர்த்து ஆடினார். 31 நகர்த்தல்களில் முடிக்கக்கூடிய நிலையை அவரால் 50 நகர்த்தல்களிலும் முடிக்க முடியவில்லை. பின்னர் அந்த இறுதியாட்டத்தைப் படித்துவிட்டு வந்து மறுபடி ஆடியபோது, சரியாக 50ஆவது நகர்த்தலில் யானையை வென்றார். புத்தகங்கள் எளிய வெற்றி என்று சொல்லிவந்த ஆட்டத்தில், நாம் பழகியிருந்த தற்காப்பு முறை மட்டுமே எளியதாக இருந்திருக்கிறது. லூயிஸ் ஸ்டில்லர் 1991இல் ஆறு காய்களுக்குக் கணக்கிட்டபோது, இரு குதிரைகளுக்கு எதிராக யானையும் குதிரையும் உள்ள ஒரு நிலையில், காய் ஒன்றை வெட்டுவதற்கே 243 நகர்த்தல்கள் தேவைப்படும் என்று தெரியவந்தது. காய் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் 50 நகர்த்தல் கடந்தால் டிரா கோரலாம் என்னும் போட்டி விதியின்படி அது டிரா. ஆகவே இன்றைய என்ஜின்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் சிசிஜி அட்டவணை, மேட்டுக்கு எத்தனை நகர்த்தல் என்று எண்ணாமல், அடுத்து ஒரு காய் வெட்டப்படவோ சிப்பாய் நகரவோ எத்தனை நகர்த்தல் என்று எண்ணுகிறது. வென்றுகொண்டிருக்கும் என்ஜின் சில நேரம் காரணமின்றி ஒரு காயைத் தானம் செய்வதுபோல் தோன்றுவது இதனால்தான்.

ஐந்து காய்கள் வரையிலான சிசிஜி அட்டவணை ஏறத்தாழ 1 ஜிகாபைட். ஆறு காய்களுக்கு ஏறத்தாழ 150 ஜிகாபைட். 2018இல் முடிக்கப்பட்ட ஏழு காய் அட்டவணைக்கு ஏறத்தாழ 17 டெராபைட். இந்த ஏறுமுகத்தைப் பார்த்தாலே எட்டு காய் அட்டவணை ஏன் இன்னும் நம் கைக்கு எட்டவில்லை என்பது புரியும்.

நம்மில் பலர் நேரலையில் பார்த்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு யானை, பிஷப், இரண்டு சிப்பாய்கள்; டிங் லிரனுக்கு யானை, பிஷப், ஒரு சிப்பாய். ராஜாக்களையும் சேர்த்துப் பலகையில் 9 காய்கள். அதுவரை என்ஜின்கள் டிரா என்றே காட்டிவந்தன; அது கணிப்பு. 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்து யானை மாற்றத்திற்கு வழிவிட்டார். இரு யானைகளும் போனால் 7 காய்கள்; அதாவது கணிப்பின் எல்லை முடிந்து அட்டவணையின் எல்லை தொடங்குகிறது. அடுத்து குகேஷ் பிஷப்பை டி5இல் வைத்ததும் அவற்றின் மாற்றமும் தவிர்க்க முடியாததாகி, 5 காய்களே மிஞ்சின. மதிப்பீட்டுக் கோடு ஒரே தாவலாகக் கறுப்பின் பக்கம் போனது என்ஜினின் பதற்றத்தால் அன்று. இனிமேல் மதிப்பிட எதுவும் இல்லாததால்தான்.

அட்டவணைக்கு வெளியே வேலை முழுவதும் தேடலுடையது. இறுதியாட்டத்தில் காய்கள் குறைவு என்பதால் தேடல் ஆழமாகப் போகிறது. அதோடு, ராஜா எந்தப் பாதையில் சுற்றி வந்தாலும் ஒரே நிலைக்கே வந்து சேரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் என்ஜின் அவற்றை மறுபடி ஆராய்வதில்லை. ஆனால் தேடலை வேகப்படுத்தும் ஒரு தந்திரம் இங்கேதான் காலை வாருகிறது. ‘என் முறையை நான் விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாகவே இருக்கிறது என்றால், இந்தக் கிளையை மேலும் பார்க்க வேண்டாம்’ என்று கழித்துவிடுவது என்ஜின்களின் வழக்கம். நடு ஆட்டத்தில் இது மிகவும் பயன்படும். இறுதியாட்டத்திலோ நகராமல் இருக்க முடிந்தால் தப்பிக்கலாம், நகர்ந்தாக வேண்டியிருப்பதாலேயே தோல்வி என்னும் சுக்ஸ்வாங் நிலைகள் மலிந்திருப்பதால், அந்த அனுமானம் தலைகீழாகிவிடும். எனவே ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருக்கும் தரப்புக்கு என்ஜின்கள் இந்தத் தந்திரத்தைக் கைவிடுகின்றன.

காய்கள் இருக்கும்போதும் சுக்ஸ்வாங் வரும். 2018இல் லண்டனில் கார்ல்சனுக்கும் கருவானாவுக்கும் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் 6ஆவது ஆட்டத்தில், 68ஆவது நகர்த்தலில் கறுப்பில் ஆடிய கருவானா பிஷப்பை எச்4இல் வைத்திருந்தால் 36 நகர்த்தல்களில் மேட் என்று, நார்வேயில் ஸ்டாக்ஃபிஷ் என்னும் என்ஜினை இயக்கிக்கொண்டிருந்த செஸ்ஸே என்னும் கணினி அறிவித்தது. அந்த வழியில் கறுப்பு தன் குதிரையைத் தானே ஜி1 கட்டத்தில் கொண்டுபோய் அடைத்துவைக்க வேண்டும்; வெள்ளைக்கு நல்ல நகர்த்தல் எதுவும் மிஞ்சாமல் செய்வதே நோக்கம். எந்த மனிதருக்கும் தோன்றாத வழி அது. ஆட்டம் டிராவில் முடிந்தது.

கோட்டை கட்டும் நிலைகளில்தான் என்ஜின் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கிறது. ஒரு தரப்புக்குக் காய் அதிகம். ஆனால் எதிராளியின் ராஜா உட்கார்ந்திருக்கும் மூலைக்குள் நுழைய வழியில்லை. என்ஜினோ இரண்டு புள்ளி முன்னிலை என்று காட்டிக்கொண்டே இருக்கும். 2020 முதல் ஸ்டாக்ஃபிஷ் நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு மதிப்பிடுவதால் இது குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. தேடலின் ஆழம், அதாவது எவ்வளவு முன்னோக்கிப் பார்க்கிறது என்பது, 30இலிருந்து 50 வரை போயும் எண் கூடாமல் நின்றால் நான் ஐயப்படுவேன். என்ஜின் சொல்லும் வழியில் இருபது நகர்த்தல் ஆடிப் பார்த்து, அப்போதும் எண் அதே இடத்தில் இருந்தால் டிரா என்றே எடுத்துக்கொள்வேன்.

எதிர்த்திசைப் பிழைக்குப் புகழ்பெற்ற சான்று, 1998இல் ஸ்பெயினின் லினாரெஸில் டோபலோவுக்கு எதிராக ஷிரோவ் ஆடிய 47ஆவது நகர்த்தல். பிஷப்புகள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் இருந்ததால் டிரா என்றே தோன்றும் நிலை. ஷிரோவின் ராஜா ஈ4 கட்டத்தை அடைய வேண்டும்; எஃப்5இல் நின்ற அவருடைய பிஷப்பே அதற்குத் தடை. அதை அவர் எச்3இல் வைத்துச் சும்மா கொடுத்தார். வெள்ளையான டோபலோவ் வெட்டினால் அதற்குள் ராஜா எஃப்5 வந்துவிடும். வெட்டாவிட்டால் ஜி2 சிப்பாய் போகும். ஒரு நகர்த்தல் நேரத்திற்காக ஒரு முழு பிஷப் என்னும் கணக்கை அக்கால நிரல்கள் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டன; அவற்றின் ஆழம் சிப்பாய் ராணியாகும் இடம்வரை எட்டவில்லை. இன்றைய என்ஜினுக்கும் இந்த நிலையில் தேடலைத் தவிர வேறு துணையில்லை, ஏனெனில் 53ஆவது நகர்த்தலுக்குப் பின் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொண்டபோதும் பலகையில் 8 காய்கள் இருந்தன.